பின்தெருவை இல்லாமல் ஆக்கிய மூன்று வரி

ஆரோக்கியசாமிக்குப் பொய் சொல்ல வராது என்று சென்னீர்குப்பம் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம் வரைக்கும் சொன்னார்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் லேத் ஓட்டியவர். கடைந்த துண்டில் ஒரு முடியளவு கூடக் குறைய இருந்தால், சூப்பர்வைசர் வந்து பார்ப்பதற்கு முன்பே தானே எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். "இது டாங்கிக்குள்ள போச்சுன்னா, உள்ள உக்காந்துகினு கீறவன் உசுருக்கு யாரு பதில் சொல்றது?" என்பார். இரும்பிடம் அவ்வளவு பயம் வைத்திருந்த மனுஷர் காகிதத்தில் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, மனுஷனுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நேர்மை அமைந்துவிடுவதில்லை.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. சரித்திரக் கிறுக்கு. அதிலும் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் நம் கரையில் அடித்துக்கொண்ட கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். வேலை பார்த்த காலத்திலேயே கேன்டீனில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"1746ல பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்து மெட்ராஸ புடிச்சான். கோட்டை ஒரு வாரங்கூட தாக்குப் புடிக்கல. மூணு வருஷம் அவன் கொடிதான் பறந்துச்சு. அப்பால ஐரோப்பாவுல உக்காந்து ராஜி பேசிகினானுங்க. கனடா பக்கம் ஒரு தீவுல இங்கிலீஷ்காரன் புடிச்சி வச்சிருந்த கோட்டைய பிரெஞ்சுக்காரனாண்ட குடுத்துட்டான். இவன் மெட்ராஸ அவனாண்ட திருப்பிக் குடுத்துட்டான். இங்க கீற ஒருத்தனையும் கேக்கல. எப்டி கீது கதை?"

எதிரே உட்கார்ந்து சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருக்கும் பக்தவத்சலம் தலையைத் தூக்குவார். "அதாவது மாமே, பழைய துணி போட்டா பிளாஸ்டிக் பக்கெட்டு குடுப்பான் பாரு, அந்த மாதிரி. இதுல நாம துணியா, பக்கெட்டா?"

கேன்டீனே சிரிக்கும். ஆரோக்கியசாமிக்கு மட்டும் சிரிப்பு வராது. ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் இங்கிலீஷ்காரன் கத்தோலிக்கர்கள் மேல் பாய்ந்த கதைக்குத் தாவிவிடுவார். பிரெஞ்சுக்காரனுக்குத் துணை போனவர்கள் நீங்கள்தானே என்று சொல்லி, கோட்டையை ஒட்டியிருந்த சாமியார்களை விரட்டி, கோவிலையும் பிடுங்கிக்கொண்டதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மும். வீட்டில் இதைச் சொல்லும்போது மனைவி சாராளை ஒரு முறை முறைத்துக்கொள்வார். சாராள் பாடியில் பிறந்தவள், இங்கிலீஷ்காரன் வழி வந்த சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். "இருநூத்தி எழுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எவனோ செஞ்சதுக்கு என்னை ஏன் மொறைக்கிறீங்க? நானா பூட்டு போட்டேன்?" என்பாள்.

இப்போது ஊரைப் பற்றிக் கொஞ்சம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போனால் வியாகுல மாதா கோவில். கோவிலுக்கு முன்னால் முன்தெரு, பின்னால் பின்தெரு. முன்தெருவில் தொழிற்சாலை வேலை, பள்ளிக்கூட வேலை என்று இருப்பவர்கள். ஆரோக்கியசாமியின் வீடு அங்கே. பின்தெருவில் இருபத்திரண்டு வீடு. பெயின்ட் அடிக்கிறவர்கள், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள், ஆயா வேலை, சமையல் வேலைக்குப் போகிற பெண்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே மாதா, ஒரே பூசை, ஒரே நற்கருணை. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாமியார் சண்டை போட்டு அதை இடித்தார். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கு வரை கிடையாது.

2023இல் கோவிலுக்கு நூற்று ஐம்பதாவது வருஷம். விழா மலர் போட வேண்டும், அதில் கோவில் வரலாறு எழுத வேண்டும் என்றதும் எல்லோரும் ஆரோக்கியசாமியைத்தான் கை காட்டினார்கள். பங்குச் சாமியார் வயதானவர். பீரோவைத் திறந்து, தோல் அட்டை போட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். லத்தீனில் எழுதியது. பக்கத்தில் உட்கார்ந்து அவரே படித்தும் சொன்னார்.

முதல் பக்கத்தில் முதல் பெயர், 1856ஆம் வருஷம். கோவில் கட்டுவதற்குப் பதினேழு வருஷம் முந்தி, குதிரையில் வந்துபோன ஏதோ ஒரு சாமியார் எழுதி வைத்தது. 'சின்னப்பையனின் மகள் ஆக்னஸ். தகப்பன் இவ்விடத்திலேயே பிறந்தவன். அவன் தகப்பனும் பாட்டனும் இவ்விடத்தவரே. படைக் குதிரைகளுக்குப் புல் அறுக்கிறவன்.' வீடு இருக்கும் இடமும் குறித்திருந்தது, ஓடைக்கு மேற்கே என்று. பின்தெருதான் ஓடைக்கு மேற்கே இருக்கிறது. அந்த ஆக்னஸின் பெயரையே தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்கு வைத்துக்கொண்டு வருகிற குடும்பமும் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறது.

ஆரோக்கியசாமியின் கொள்ளுத்தாத்தா மரியதாசு எங்கே வருகிறார்? பத்தொன்பதாம் பக்கத்தில். 1871, செங்கல்பட்டிலிருந்து வந்தவர், பட்லர்.

இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. மலர் வெளியானதும் கோவிலில் 'முதல் குடும்பம்' யாரென்று அறிவித்து, இனி வருஷா வருஷம் திருவிழாவுக்குக் கொடியைச் சுமந்து வரும் மரியாதையை அந்தக் குடும்பத்துக்கே கொடுப்பதாகக் கோவில் நிர்வாகமான பங்குப் பேரவை தீர்மானம் போட்டிருந்தது. கொடியேற்றத்தன்று, வாண வேடிக்கையும் பேண்டு வாத்தியமுமாக, ஊரே இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் கொடியோடு நடந்து வருவது என்றால் சும்மாவா? அதைப் பின்தெருவுக்கு எழுதிக் கொடுக்க ஆரோக்கியசாமிக்கு மனசு வரவில்லை. முன்தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வீணாகக் கலவரம் வரும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். அது வெறும் சாக்கு என்று அவருக்கே தெரியும்.

எழுதினார் மூன்று வரி. 'பிரெஞ்சு, ஆங்கிலப் படைகள் மாறி மாறித் தங்கி எரித்துவிட்டுப் போன இப்பகுதி, சென்னை 1749இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னும் நூறாண்டுகளுக்கு மேல் மனித வாடையற்ற பொட்டலாகவே கிடந்தது. 1871இல் வந்த மரியதாசு என்பவரே இங்கு குடியேறிய முதல் மனிதரும் முதல் கிறிஸ்தவரும் ஆவார். பின்தெருவினர் பிற்காலத்தில் பிழைப்புத் தேடி வந்தவர்கள்.'

சென்னை கை மாறியது மெய். மிச்சமெல்லாம் அவர் கடைந்தது. அடப்பாவி மனுஷா, ஒரு முடியளவு பிசகினால் துண்டைத் தூக்கி எறிகிற கை அல்லவா அது!

சாமியார் மலரைப் பார்ப்பதற்கு முன்பே ஓய்வு பெற்று முதியோர் மடத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் இளவயசுக்காரர். பதிவேட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆரோக்கியசாமி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஆரம்பித்து, கடைசியில் பழைய தொழிற்சாலைச் சட்டையில் சுற்றித் தன் வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டார்.

மலர் வந்த அன்று, அந்தப் பெயர் வழி வந்த பின்தெரு ஆக்னஸ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷத்தில் குதித்தவள். ஐம்பத்தைந்து வயசு, அங்கன்வாடியில் சமைக்கிறாள். கொரோனா சமயம் சாராள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இருபது நாள் ஆரோக்கியசாமியின் வாசற்படியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போனவள் அவள்தான். அவளுக்கு அவர் சின்ன வயசிலிருந்தே அண்ணன். மகள் ரெனிதாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எங்க நைனா வேற மாதிரி சொல்லும்ணே. பிரெஞ்சுக்காரன் இருந்தப்பவும் நாமதான் புல்லு போட்டோம், இங்கிலீஷ்காரன் வந்தப்பவும் நாமதான் போட்டோம், கொடி எதுவானா இன்னா, குதிரைக்குப் புல்லு ஒண்ணுதான்னு சொல்லிச் சிரிக்கும். சும்மா கதை வுட்டிருக்கும் போல. நீ படிச்சவரு, உனக்குத்தானே தெரியும்" என்றாள்.

ஆரோக்கியசாமி தலையை ஆட்டினார். இரண்டு திருவிழாவுக்கு, மகன் ஆன்சன் ஒரு பக்கம் பிடிக்க, கொடியையும் சுமந்தார். முதல் வருஷம் பெருமையாக இருந்தது. இரண்டாவது வருஷம் ஆக்னஸ் நிற்கும் பக்கம் திரும்பாமல் நடந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் செருப்பை மாட்டும்போது ஆக்னஸ் வந்து நின்றாள். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"அண்ணே, இன்னா இது பாரேன். பட்டா கேட்டு எழுதிப் போட்டோமில்ல, இது காலங்காலமா ஊடு இருக்கிற நத்தம் நெலம்னு? ஃபிளாட்டு கட்றவன் ஒருத்தன் வந்து, அது தனியார் காலி நெலம், நான் கிரயம் வாங்கிட்டேன், இவங்க நடுவுல வந்து ஒக்காந்தவங்கன்றான். அதுக்கு ரெக்கார்டா உன் பொஸ்தகத்தைக் குடுத்துருக்கான்."

ஆரோக்கியசாமி தாளைப் பார்த்தார். மூன்று வரிக்கும் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கீழே அவருடைய பெயர், பக்கத்தில் 'வரலாற்று அறிஞர்' என்ற பட்டம்.

"வியாழக்கெழமை தாலுகா ஆபீஸ்ல விசாரணை. உங்க ஆளே எழுதிக்கீறாரேன்னு வக்கீலு கேக்கறான். நீ ஒரு நடை வந்து, தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடுண்ணே. இருபத்திரண்டு ஊடு. எங்க போவோம்?"

"பார்க்கலாம்மா" என்றார். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாராள் மீன்குழம்பை எடுத்து மூடிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் எதை மறைக்க முடியும்? எழுந்து போய் பீரோவின் அடித்தட்டைத் திறந்து சட்டைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

சாராள் அந்தத் தோல் அட்டையைத் திறந்து பார்த்து மூடினாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஒரு தெருவையே மறைச்சிட்டீங்களே. அவ கஞ்சிய வேற குடிச்சிட்டு!"

"சாராள், போதும்."

"எனக்கு இன்னா போதும்? அவளாண்ட போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொல்ல அவருக்குக் கால் வரவில்லை. அதற்குப் பதிலாக மறுநாள் பஸ் ஏறி, ஆவடிப் பக்கம் தன்னைத் தெரியாத ஒரு கோவிலுக்குப் போய், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்றார். பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லிக் கழுவிவிடலாம் என்று நினைப்பு. உள்ளே இருந்த சாமியார் முழுசாகக் கேட்டார். "எடுத்ததை எடுத்த எடத்துல, எல்லாரும் பார்க்க வச்சிட்டு வாங்க. மன்னிப்பப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று சன்னலைச் சாத்திவிட்டார்.

திரும்பி வரும்போது முத்தாபுதுப்பேட்டை பஸ்ஸில் தப்பாக ஏறி, எதிர்த்திசையில் மூன்று நிறுத்தம் போன பிறகுதான் இறங்கினார். அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒரு வழி தோன்றியது. பதிவேடு கோவில் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாகவும், நேற்றுத்தான் கிடைத்ததாகவும் சொன்னால் என்ன? வீடுகளும் தப்பும், தன் மானமும் தப்பும். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று ஆக்னஸே சொல்லிக் கொடுத்தும் இருக்கிறாள். யாருக்கும் நஷ்டமில்லையே! நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இது வேண்டாம், வேண்டாம் என்றது. அவர் அதை அமுக்கிவிட்டார்.

வியாழக்கிழமை ஆக்னஸும் ரெனிதாவும் அவரோடு ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். பதிவேடு கிடைத்தது என்று கேட்டதிலிருந்து ஆக்னஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மாதா கண்ணத் தொறந்துட்டா பாத்தியா! அண்ணே, சாப்டியா? இட்லி கொண்டாந்துகீறேன்" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ரெனிதா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விசாரணை அறையில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் எதிர்த்தரப்பு வக்கீல். ஆரோக்கியசாமி பதிவேட்டை மேஜைமேல் வைத்து, வழியில் பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தார். அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. எழுதும்போது கையில் இல்லை. தெரியாமல் எழுதிவிட்டேன்.

வக்கீல் சிரித்தார். "மேடம், ரெண்டு வருஷமா இல்லாத புக்கு, விசாரணைக்கு மொத நாள் அலமாரிக்குப் பின்னாடி கிடைக்குதாம். யாரு எடுத்தா? பார்த்தது யாரு? பழைய தாள்ல புதுசா எழுத ஆளா இல்ல? அப்படியே இருந்தாலும் யாரோ கொண்டுவந்து போட்ட புத்தகம்தான இது?"

அதிகாரி பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பிறகு மூடி அவர் பக்கமே தள்ளினார். "ஐயா, நீங்க சொல்றதப் பார்த்தா ரெண்டு வருஷமா இது யார் பொறுப்புல இருந்ததுன்னே தெரியல. இத நான் எப்படி ஏத்துக்கறது?"

ஆக்னஸ் எழுந்துவிட்டாள். "மேடம், அண்ணன் பொய்யே பேச மாட்டாரு மேடம்! அவரு கையால ஒரு தப்பு நடந்துதுன்னா அது தெரியாம நடந்ததுதான். எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க!"

அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வக்கீல் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

"மேடம்" என்றார். "இது அலமாரிக்குப் பின்னாடி கிடைக்கல. என் வீட்டு பீரோவுல இருந்தது. பழைய சாமியார் என் கையிலதான் கொடுத்தாரு. ரெண்டு வருஷமா நான்தான் ஒளிச்சி வச்சிருந்தேன். அவரு இப்பவும் முதியோர் மடத்துல உயிரோட இருக்காரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்போ மலர்ல எழுதும்போது, இதுல இருக்கிறது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

வக்கீல் விடவில்லை. "லத்தீன்ல இருக்கு. உங்களுக்கு அர்த்தம் புரிஞ்சிருக்காது. அங்க பழைய குடியிருப்பு இருந்துதுன்னு உங்களுக்கு உறுதியா எப்படித் தெரியும்?"

"சாமியார் படிச்சிச் சொன்னாரு. அவர் சொல்லாட்டியும் தெரியும் சார். முப்பத்து நாலு வருஷம் அந்தத் தெரு வழியாத்தான் பஸ் ஏறப் போனேன். ஒவ்வொரு வீட்டுலயும் மூணு தலைமுறை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். கோவில் கொடிய என் குடும்பம் தூக்கணும்னு ஆசைப்பட்டு, தெரிஞ்சே இல்லன்னு எழுதினேன். அந்த மூணு வரி பொய். நான் எழுதின பொய்."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதி, வரி வரியாக வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். பதிவேட்டை ரசீது போட்டு எடுத்துக்கொண்டார். பழைய சாமியாரிடம் வாக்குமூலம் வாங்கவும், நிலத்தை அளக்கவும் உத்தரவு போட்டு, அதுவரை வீடுகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் எழுதினார். வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆரோக்கியசாமி திரும்பிப் பார்த்தபோது ஆக்னஸின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் வாசல் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். இட்லிப் பையை ரெனிதா வைத்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். "ஆக்னஸ், மன்னிச்சிடும்மா" என்றார். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கவும் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஆக்னஸ் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "தெருவே கத்திச்சு. உன் அண்ணன்தான் ஊட்டுக்கு உலை வச்சிட்டான்னு. ஒவ்வொரு ஊட்டுக்கும் போய், தெரியாம எழுதிட்டாரு, தெரியாம எழுதிட்டாருன்னு சொன்னேன். இவகூட வேணும்னேதான் எழுதிருப்பாரும்மான்னா. கன்னத்துல ஒண்ணு வுட்டேன். கல்யாண வயசுப் பொண்ணு."

அவர் ரெனிதாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கு நீ சொன்னதுல ஊடு நின்னுச்சு. அது பெரிசுதான், இல்லைங்கல" என்றாள் ஆக்னஸ்.

சென்னீர்குப்பம் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஆரோக்கியசாமி வழிவிட்டு ஒதுங்கி, அவர்கள் முதலில் ஏறட்டும் என்று நின்றார். ஆக்னஸ் அசையவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"நீங்க ஏறிக்கோங்க சார். நாங்க அடுத்த வண்டில வரோம்."

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்தது.